டேங்க் நிறைய டெஃப், ஆனாலும் வண்டி கிளம்பாதாம்

போன வாரம் மூன்றாவது முறையாக ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுத்து வந்தேன். அன்று சாயங்காலமே பழைய நண்பன் போன் செய்து, "டேய், நீ அஞ்சு வருஷமா டீசல் வண்டிதானே ஓட்டுற, அந்த டெஃப் சமாச்சாரம் தொல்லை கொடுக்குமாடா?" என்று கேட்டான். கேட்ட நேரம் அப்படி, முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டேன். அதில் வசவுகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

டீசல் வண்டியின் புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றுகிற திரவம்தான் டெஃப். டெஃப், ஆட்புளூ இரண்டும் ஒன்றுதான், 32.5 சதவீத யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர் என்பதெல்லாம் தெரிந்த கதை. எரிக்கும் டீசலில் 3 முதல் 5 சதவீதம் அளவுக்கு இதையும் குடிக்கும். ஊற்றுவதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. என் சண்டையெல்லாம் டாஷ்போர்டில் வரும் ஒரே ஒரு வரியோடுதான்: இன்னும் 800 கிலோமீட்டர், அதற்குப் பிறகு எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.

டேங்கில் டெஃப் தீர்ந்து போய் இது வந்தால் நியாயம். எனக்கு வந்தபோது டேங்க் நிறைய இருந்தது. எஞ்சினில் சின்ன உதறல்கூட இல்லை, இழுவை அப்படியே இருக்கிறது, மைலேஜும் குறையவில்லை. ஆனாலும் அந்த எண் மட்டும் 800, 740, 610 என்று இறங்கிக்கொண்டே வருகிறது. நடுவழியில் நிறுத்தாது, அந்த மட்டுக்கும் கருணை உண்டு. பூஜ்யத்துக்கு வந்த பிறகு ஒருமுறை எஞ்சினை அணைத்தால்தான் கதை முடியும். லாரிகளில் வேறு மாதிரி, இழுவையைக் குறைத்து ஊர்ந்து போக வைத்துவிடும். புகையைச் சுத்தம் செய்யாமல் யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று சட்டமே கேட்கிற ஏற்பாடு இது, புரிகிறது. ஏமாற்றாதவனுக்கும் அதே தண்டனை என்பதுதான் எரிச்சல்.

முதல் தடவை போனபோது டெஃப் தரம் சரியில்லை என்று சொல்லி முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றிக் கொடுத்தார்கள். சில நாளிலேயே அதே வரி திரும்ப வந்தது. இரண்டாவது தடவை சைலன்சர் குழாயில் டெஃப் பீய்ச்சுகிற இஞ்செக்டரைக் கழற்றிக் காட்டினார்கள். வாயைச் சுற்றி வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்த மாதிரி படிந்து கிடந்தது. வெந்நீரில் ஊறப்போட்டதும் கரைந்துவிட்டது. சரி, இதோடு ஒழிந்தது என்று நினைத்தேன். மூன்றாவது தடவைதான் உண்மையான குற்றவாளி அகப்பட்டது: பின்பக்க நாக்ஸ் சென்சார், அதாவது புகையில் மிஞ்சியிருக்கும் நைட்ரஜன் ஆக்சைடு என்கிற நச்சு வாயுக்களை அளக்கிற கருவி.

இதில் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லவும் மனது வரவில்லை. ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடு பி20இஇ (P20EE). அதற்கு அர்த்தம், நாக்ஸ் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை என்பது மட்டும்தான். ஏன் குறையவில்லை என்று அது சொல்லாது. டெஃப் கெட்டிருக்கலாம், பம்ப் அழுத்தம் போதாமல் இருக்கலாம், இஞ்செக்டர் அடைத்திருக்கலாம், நாக்ஸைக் கெடுதலில்லாததாக மாற்றுகிற கேட்டலிஸ்ட் செத்திருக்கலாம், இல்லை சென்சாரே பொய் சொல்லலாம். போதாக்குறைக்கு அந்தச் சென்சாருக்கு அமோனியாவுக்கும் நாக்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது. யூரியா சூட்டில் உடைந்து அமோனியா ஆகி, அந்த அமோனியாதான் நாக்ஸை ஒழிக்கிறது, அதில் கொஞ்சம் மிஞ்சி வெளியே வந்தால் அதையும் நாக்ஸ் என்றே எண்ணிக்கொள்ளும். டெஃப் குறைந்தாலும் புகார், கூடினாலும் அதே புகார். மாமியார் வீட்டு விருந்து மாதிரி.

என் பங்குக்கு நானும் தப்பு செய்திருக்கிறேன், அதை மறைப்பானேன். தினமும் நான் ஓட்டுவது ஏழெட்டு கிலோமீட்டர், சைலன்சர் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். புகை ஏறக்குறைய 200 டிகிரி சூட்டுக்கு வந்தால்தான் டெஃப் சரியாக ஆவியாகி உடையும், இல்லாவிட்டால் படியும். ஆரம்பத்திலேயே கவனித்தால் வெந்நீரில் போய்விடும், நாள்பட்டால் கல்லாக இறுகி அதற்கும் அசையாது. அப்புறம் அந்தக் கேன். பாதி ஊற்றிய கேனை டிக்கியிலேயே போட்டு வெயில் காலம் முழுக்கச் சுற்றினேன். 25 டிகிரியில் ஒன்றரை வருஷம் தாங்குகிற சரக்கு, 35 டிகிரி ஆனால் 6 மாதம்தான். முதல் தடவை ஒர்க்‌ஷாப்பில் சொன்னது முழுப் பொய்யாகவும் இல்லாமல் இருக்கலாம்.

நண்பனிடம் இரண்டு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னேன். டீசலுக்கு வைத்திருக்கும் புனலை இதற்குத் தொடாதே, துளி டீசல் கலந்தாலும் வம்பு. மறதியில் டெஃப்பை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பிக்கூடப் பார்க்காதே, டேங்கோடு போகிற செலவு பம்ப், இஞ்செக்டர் எல்லாவற்றுக்கும் பரவிவிடும். இன்னொன்று, எஞ்சினை அணைத்த பிறகு ஒரு நிமிஷத்துக்கு உள்ளே முனகல் சத்தம் கேட்கும். குழாயில் மிஞ்சிய டெஃப்பைப் பம்ப் திரும்ப டேங்குக்கு இழுக்கிற சத்தம் அது. பயப்படாதே, அந்த நேரத்தில் பேட்டரியை மட்டும் கழற்றாதே. இரண்டு என்று ஆரம்பித்து மூன்றாகிவிட்டது.

பாராட்ட ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. வண்டி சூடான பிறகு பின்னால் நிற்பவர் மூக்கைப் பொத்துவதில்லை. நாக்ஸைப் பின்னால் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதால் எஞ்சினைச் சிக்கனத்துக்குத் தோதாக அமைக்க முடிகிறது, நெடுந்தூரம் போகும்போது அது தெரிகிறது. நாலு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்தால் டெஃப் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். இந்த வண்டி அதற்குத்தான் பிறந்தது, நான்தான் ஏழு கிலோமீட்டருக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ வாங்கலாமா வேண்டாமா?" என்றான். வாங்காதே என்றேன். "சரி, உன் வண்டியை என்ன விலைக்குக் கொடுப்ப?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் டாஷ்போர்டு சுத்தமாக இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை எங்கேயாவது தூரமாக ஓட்டிக்கொண்டு போகணும்.