சர்க்கரைக்கு இரண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை: என் அனுபவம்

மெட்ஃபார்மின் மட்டும் நாலு வருஷம் போட்டும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 170-க்குக் கீழே இறங்கவில்லை. அதனால் போன வருஷம் டாக்டர், கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500-ம் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றினார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.9 சதவீதத்திலிருந்து 7.1-க்கு வந்தது. நல்ல மருந்துதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை. மருந்துக் கடையில் கவர் மேல் "காலை 1" என்று எழுதிக் கொடுத்ததோடு சரி.

ஜனவரியில் ஒரு நாள் மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒரு வர்க்கியும் டீயும் மட்டும் எடுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். பத்தரை மணிக்கு மேடு ஏறும்போது கை நடுங்கியது. கோத்தகிரிக் குளிர்தான் என்று நினைத்தேன், ஆனால் ஸ்வெட்டருக்குள் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது, அந்தக் குளிரில் யாருக்கு இப்படி வேர்க்கும்? வீட்டுக்கு வந்து விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை ரொம்பவே இறங்கி 54. மனைவி மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள், கால் மணி நேரத்தில் 81, அப்புறம்தான் இட்லி.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது. மெட்ஃபார்மின் வேறு மாதிரி, கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கும். அது மட்டும் போட்ட நாலு வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லை. டாக்டர் கிளிமிபிரைடை 1 மில்லிகிராமாகக் குறைத்தார். பழைய அட்டையில் மிச்சமிருந்ததைப் பாதியாக உடைத்துப் போடலாமா என்று கேட்டதற்குக் கூடவே கூடாது என்றார், மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையாம், உடைத்தால் மொத்தமாக இறங்கிவிடும். ஒரு மருந்தை மட்டும் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் மாத்திரையையே மாற்ற வேண்டும், இந்தக் கூட்டு மாத்திரையில் எனக்குப் பிடிக்காதது இதுதான்.

வயிற்றுப்போக்கெல்லாம் மெட்ஃபார்மின் தொடங்கிய முதல் மாதத்தோடு நின்றுவிட்டது. சில நாள் மலத்தில் மாத்திரை முழுசாக வந்தது போல் தெரியும், பயப்பட வேண்டாம், அது வெறும் கூடு.

பாதத்தில் ஊசி குத்துவது போன்ற மரமரப்பைத்தான் நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டுவிட்டேன். மலையில் குளிருக்குக் கால் மரத்துப்போவது சகஜம்தானே என்று இருந்தேன். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார், வைட்டமின் பி12 குறைவு. சர்க்கரையாலும் நரம்பு இப்படிப் பாதிக்கும், ஆனால் மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் போட்டால் பி12 குறையலாம் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு எனக்குப் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது.

அதே கடையில்தான் இன்னும் வாங்குகிறேன். கவர் மேல் "சாப்பாட்டோடு" என்றும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டேன், இப்போது எழுதிக் கொடுக்கிறார்கள்.