‘ஆறு நிற ஐரிஸ் காம்போ’ வாங்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க

முகநூலிலும் வாட்சாப் குழுக்களிலும் ஒரு விளம்பரம் மறுபடி சுற்ற ஆரம்பித்திருக்கிறது. ஊதா, மஞ்சள், காவி, கறுப்பு என்று ஆறு நிறத்தில் ஐரிஸ் பூக்கள், பின்னால் ஒரு கருங்கல் சுவர். “ஹாலந்து ஐரிஸ், நம்ம ஊர் வெயிலுக்குப் பழக்கியது, பூக்கும், கேரண்டி.” இப்போது கடைப் பெயர் வேறு, விலை 199 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). நான் வாங்கியபோது 180. கூடவே 35 வெள்ளிக்கு ‘இருநிறக் கலப்பு விதை’ என்று ஒரு பொட்டலம். படம் அதே படம், பேச்சும் அதே பேச்சு. கீழே கருத்துப் பெட்டியில் “பிஎம் பண்ணுங்க சார்” என்று நம் ஆட்கள் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். பால்மரத்தை (ரப்பரை) அழித்துக் கட்டிய தாமான், அதாவது குடியிருப்பு. வாசலில் கார் நிறுத்தியது போக மிச்ச இடமெல்லாம் செடி. பணம் கட்டும் முன்பே விற்கிற ஆளிடம் நேராகக் கேட்டேன்: “தம்பி, ஐரிஸ் குளிர்நாட்டுச் செடியாச்சே, இங்க பூக்குமா?” வாய்ஸ் மெசேஜ் வந்தது. “அக்கா, காஷ்மீர்லயே பூக்குது, சுங்கை சிப்புட்ல பூக்காதா?” காஷ்மீரில் பனி கொட்டும் என்பது தம்பிக்குத் தெரியாமல் இருக்காது. கேமரன் மலையில் ஒரு வருஷம் வைத்துப் பழக்கியது என்றார். கிழங்கின் படம் கேட்டேன், அனுப்பினார். ஹாலந்திலிருந்து வந்ததென்றால் இறக்குமதிப் பர்மிட் இருக்குமே என்றேன். “எல்லாம் இருக்கு அக்கா, நீங்க கவலப்படாதீங்க.” அந்தப் பர்மிட்டை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

பெட்டிக்குள் ஆறு பொட்டலம். நிறத்தின் பெயர் எழுதிய சீட்டு ஒன்றில்கூட இல்லை. மூன்றில் இஞ்சி போலக் கணுக்கணுவான தடித்த கிழங்கு, மேலே குட்டையாக வெட்டிய இலை. சாம்பல் பூத்த பச்சை. விரலால் தேய்த்தால் அந்தப் பூச்சு கையோடு வந்தது. இவை உண்மையான தாடி ஐரிஸ்தான். பூவின் கீழிதழில் தாடி மாதிரி முடிக்கற்றை இருப்பதால் அந்தப் பெயர். மற்ற மூன்றில் தடித்த கிழங்கே இல்லை, பச்சைப்பசேலென்று பளபளக்கும் நீள இலை, இலையின் நடுவில் மேலெழும்பிய ஒரு நரம்பு. தாடி ஐரிஸ் இலையைத் தடவிப் பாருங்கள், நடுநரம்பு கையில் தட்டுப்படாது. இந்த ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி ஏமாற்று அங்கேயே பிடிபட்டுவிடும். உடனே படம் எடுத்து அனுப்பினேன். “அது வேற வெரைட்டி அக்கா, பூத்ததும் நீங்களே அசந்துடுவீங்க” என்றார்.

நடும் முறை என்று அவர் அனுப்பிய குறிப்பை அப்படியே தருகிறேன்: மூன்று அங்குல ஆழத்தில் புதைக்கணும், மேலே செம்பனை (பாமாயில்) ஆலையில் கிடைக்கும் வெற்றுக்குலைச் சக்கையைக் கனமாகப் போடணும், காலையும் மாலையும் தண்ணீர் விடணும். தாடி ஐரிஸைக் கொல்ல இதைவிடச் சுருக்கு வழி கிடையாது. அந்தக் கிழங்கின் முதுகு மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும், வெயில் பட்டுக் காய வேண்டும், தண்ணீர் ஒரு நிமிஷமும் தேங்கக் கூடாது. கோடையில் வறண்டு கிடக்கும் நிலத்துச் செடி அது. நமக்கோ மத்தியானம் மூன்று மணிக்கு வானம் இருட்டினால் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) நிரம்பி வழிகிற ஊர். அவர் சொன்ன ஆழத்தில் ஒரு கிழங்கையும், மேலாக மணல் கலந்து மற்ற இரண்டையும் வைத்தேன். புதைத்தது முதலில் போனது. ஒருநாள் இலையைப் பிடித்து இழுத்தால் மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு கூழாகி, வீட்டுக்குள் வரை நாற்றம். பாக்டீரியாவால் வரும் மென்னழுகல் இது, பெக்டோபாக்டீரியம் என்பது அந்தக் கிருமியின் பெயர். மணலில் வைத்த இரண்டும் உயிரோடு நின்றன. இலை விட்டன, பூ விடவில்லை.

விடவும் விடாது, அதைத்தான் விற்கிற ஆள் மறைக்கிறார். ஐரிஸ் இனத்தில் ஏறக்குறைய 300 வகை உண்டு, அத்தனையும் பூமியின் வட பாதிக்குச் சொந்தம், பெரும்பாலும் குளிர் உள்ள நாடுகளில்தான் வளர்கின்றன. தாடி ஐரிஸ் ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் உள்ளே மொட்டுக் கட்டும். நம் பக்கம் ராத்திரியில்கூட 22 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கேமரன் மலையில் ராத்திரிக்கு 15 பாகை அளவுக்கு இறங்கும்தான், ஆனால் அது வருஷம் முழுக்க அப்படியேதான் இருக்கும், குளிர்காலம் ஆகாது. அங்கே ஒரு வருஷம் என்ன, பத்து வருஷம் வைத்தாலும் கிழங்கு ‘பழகி’ வராது. வெயிலுக்குப் பழக்கியது என்று எவர் சொன்னாலும் பணப்பையைத் திறக்காதீர்கள்.

நடுநரம்பு உள்ள மூன்றும் நன்றாகவே வளர்ந்து பூத்தன. வெள்ளை இதழ், நடுவில் நீலக்கோடு போட்டுச் சுருண்ட சின்ன இதழ்கள். காலையில் விரிந்து சாயங்காலத்துக்குள் வாடிவிடும். பூத்து முடிந்த தண்டின் நுனியில் ஒரு குட்டிச் செடி முளைக்க, கனத்தில் தண்டு சாய்ந்து, தொட்ட இடத்தில் வேர் பிடித்தது. நியோமரிக்கா! பிரேசில் பக்கத்துச் செடி, இங்கே நர்சரிகளில் வாக்கிங் ஐரிஸ் என்று விற்பது. அழகான செடி, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பின்வீட்டு ஆச்சி லோங்காங் ஓரம் முழுக்க இதைத்தான் வைத்திருக்கிறார், கேட்டால் சும்மா பிடுங்கித் தருவார். ஒன்று 30 வெள்ளி என்று ஹாலந்துப் பெயர் போட்டு விற்க என்ன துணிச்சல் வேண்டும்!

விதைக்கு வருகிறேன், பெரிய தில்லுமுல்லு இங்கேதான். “இருநிறக் கலப்பு, ஒரே பூவில் ஊதாவும் மஞ்சளும்” என்பது விளம்பரம். அதோடு, “ரெண்டு நிறத்தையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, மகரந்தம் கலந்து அடுத்த பூவே கலப்பா வரும்” என்று ஒரு உபதேசம். முழுப் பொய். மகரந்தம் மாறினால் அந்தச் செடியின் பூ மாறாது, அதில் விளையும் விதைக்குள்தான் மாற்றம் இருக்கும். ஐரிஸ் பூவில் சூலகத்தின் மேல்பகுதி மூன்று கையாகப் பிரிந்து இதழைப் போலவே விரிந்திருக்கும்; ஒவ்வொரு கைக்கும் கீழே ஒரு மகரந்தத் தாள் ஒளிந்திருக்கும். கலப்பு செய்கிறவர்கள் ஒரு பூவின் தாளைச் சின்ன இடுக்கியால் எடுத்து, இன்னொரு பூவில் அந்தக் கையின் அடிப்பக்கம் உள்ள மெல்லிய உதட்டில் தடவுகிறார்கள். காய் முற்ற இரண்டு மாதம்போல ஆகும். விதை முளைக்க ஈரக்குளிர் வேண்டும், முளைத்தது பூக்க இரண்டு மூன்று வருஷம். அப்புறமும் ஒரே காயின் விதைகள் ஒன்றைப் போல ஒன்று வராது. அதனால்தான் பெயர் வைத்த ரகங்களைக் கிழங்கைப் பிரித்தே பெருக்குகிறார்கள், விதையில் அல்ல. ‘இந்த நிறம் வரும்’ என்று சொல்லி ஐரிஸ் விதை விற்பவர் யாராக இருந்தாலும் கையில் இல்லாததை விற்கிறார்.

பொட்டலத்தில் இருந்ததோ கறுகறுவென்று மின்னும் உருண்டை விதை. தாடி ஐரிஸ் விதை பழுப்பாய்ச் சுருங்கி இருக்கும். போட்டேன், பிரமாதமாக முளைத்தது, அடுத்த வருஷமே பூத்தது. ஆரஞ்சு நிறம், மேலே சிவப்புப் புள்ளி. ஊதாவும் இல்லை, மஞ்சளும் இல்லை. சீன மருந்துக் கடைகளில் தொண்டைக் கட்டுக்கு ‘ஷெ கான்’ என்று காய்ந்த கிழங்கு விற்பார்களே, அந்தச் செடி. ஆளைக் கேட்டேன். உடனே ஒரு ஸ்கிரீன்ஷாட்: “அக்கா, இதுவும் ஐரிஸ்தான், கூகிள்ல பாருங்க.” அவர் சொன்னதில் உண்மையாக இருந்தது இது ஒன்றுதான். பெலம்கண்டா என்று இருந்த செடியை 2005-ல் ஐரிஸ் டொமெஸ்டிகா என்று மாற்றிவிட்டார்கள். நான் பணம் கட்டியது பெயருக்கா, இருநிறத்துக்கா? கலப்புச் செடிதான் வேண்டுமென்றால் இதே செடியை வைத்து அமெரிக்காவில் கென்டக்கிக்காரர் சாமுவேல் நோரிஸ் செய்த கேண்டி லில்லி என்று ஒன்று உண்டு, அதில் நிறங்கள் விதவிதமாக வரும். அந்தப் பெயரே தெரியாதவர்தான் நமக்குக் கலப்பு விதை விற்கிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ‘அக்கா’ போய் ‘மேடம்’ ஆனேன். “தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க மேடம்.” பிறகு பதிலே இல்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் கொடுத்தேன், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டியதில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள், இந்த ஆட்கள் பிழைப்பதே அந்த நினைப்பில்தான். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும், அங்கேதான் சிக்கல். பேசியது ஓர் ஆண், வங்கிக் கணக்கு ஒரு பெண் பெயரில். அதனால் கடைப் பதிவு எண் கொடுக்காதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். கணக்கு எண்ணை, மோசடிக் கணக்கா என்று பார்க்க உதவும் போலீசின் ‘செமாக் மியூல்’ இணையப் பக்கத்தில் தட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். அனுப்பிய கையோடு ஏமாற்று என்று தெரிந்தால் மோசடிப் புகார் எண் 997-க்கு அடியுங்கள்; நேரம் போகப் போகப் பணம் கைமாறிவிடும்.

மன்றத்தின் கடிதம் போன பிறகு 90 வெள்ளி கணக்கில் விழுந்தது, ஒரு வார்த்தை இல்லாமல். அப்புறம் பக்கமே காணாமல் போய், இப்போது புதுப் பெயரில் முளைத்திருக்கிறது. மீதி 125 வெள்ளிக்கு என் புகார் நிற்கிறது. அவரிடம் வாங்கியவர்கள் வாய்ஸ் மெசேஜ், ரசீது எதையும் அழிக்க வேண்டாம். இன்னும் பெட்டியைப் பிரிக்காமல் இருந்தால் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். நீங்கள் பணம் போட்ட கணக்கும் நான் போட்டதும் ஒன்றா என்று தெரிய வேண்டுமா, எனக்குத் தனியாக எழுதுங்கள், ஒத்துப் பார்த்துச் சொல்கிறேன்.