குறைந்த வாடகையில் ஸ்டுடியோ: அட்வான்ஸ் கொடுக்கும் முன் வில்லங்கம் பாருங்கள்

வடசென்னையில் ஒரு பழைய கிடங்கு. 14 அடி உயரக் கூரை, வடக்குப் பார்த்த ஜன்னல்கள், டெம்போ உள்ளே வரும் அளவுக்கு வாசல். மூன்று ஓவியர்கள், ஒரு சிற்பி, ஒரு செராமிக் கலைஞர் என ஐந்து பேர் சேர்ந்து மாதம் 45,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அட்வான்ஸ் பத்து மாத வாடகை: 4,50,000. ஒயரிங், எக்ஸாஸ்ட் ஃபேன், கழிவறை, கூரை ஒழுகல் எல்லாவற்றையும் “நீங்களே பார்த்துக்கோங்க, அதனாலதான் வாடகையைக் குறைச்சிருக்கேன்” என்றார் உரிமையாளர். அதற்கு 3,60,000 ரூபாய் ஆனது. எட்டாவது மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது: இடிக்கப்போகிறோம், காலி செய்யுங்கள். கட்டுமான நிறுவனம் ஒன்றோடு போட்ட கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தம், இவர்கள் சாவி வாங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தது. புரோக்கருக்கும் தெரியும். அட்வான்ஸைத் திருப்பும்போது ஒரு மாத வாடகை “பெயிண்டிங் சார்ஜ்” என்று பிடிக்கப்பட்டது. இடிக்கப்போகும் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும் செலவு, அதுவும் ஓவியர்களிடம்.

பழைய கட்டடங்கள் உள்ள எந்தப் பகுதியிலும் இது நடக்கலாம். இதன் கணக்கு எளியது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கான எஃப்.எஸ்.ஐ-யை, அதாவது மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், முன்பு 3,600 சதுர அடி கட்டலாம் என்றால் இப்போது 4,800. பிரீமியம் என்ற கூடுதல் கட்டணம் கட்டினால் இன்னும் கூடும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. இரண்டாம் கட்ட வேலை நகரின் மற்ற பக்கங்களில் நடக்கிறது. ஒற்றைத் தளக் கிடங்கும் ஓட்டு வீடும் நிற்பதைவிட இடிந்தால்தான் மதிப்பு. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகி, திட்ட அனுமதி வந்து, கடன் கிடைத்து, புல்டோசர் வருவதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அந்த இடைவெளிக்கு உரிமையாளருக்கு ஆள் வேண்டும். பூட்டிக் கிடந்தால் ஆக்கிரமிப்புப் பயம். குடும்பம் குடிவந்தால் எளிதில் கிளம்பாது. கலைஞர்கள் இரவில் தங்க மாட்டார்கள், தங்கள் செலவிலேயே பழுது பார்ப்பார்கள், கண்காட்சி வைத்து ஊரையே அந்தத் தெருவுக்கு வரவழைப்பார்கள். வாடகை ஏன் குறைவு என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் விடை: அந்த இடத்துக்கு ஒரு முடிவு தேதி இருக்கிறது. உரிமையாளருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

அந்தத் தேதியைக் கண்டுபிடிக்க வக்கீல் தேவையில்லை. சொத்துவரி ரசீதையும் பட்டாவையும் கேட்டு வாங்குங்கள். பட்டாவில் சர்வே எண்ணும் உட்பிரிவும் இருக்கும். பதிவுத்துறையின் இணையதளத்தில் மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் வில்லங்க விவரத்தைப் பார்க்கலாம். வாங்குபவர் முப்பது ஆண்டு பார்ப்பார். வாடகைக்கு எடுப்பவருக்குக் கடைசிப் பத்து ஆண்டு போதும், அதிலும் கடைசி மூன்று ஆண்டுகளை வரி வரியாகப் படியுங்கள். “கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தம்”, “கட்டுமான ஒப்பந்தம்”, “விற்பனை ஒப்பந்தம்”, “பொது அதிகாரப் பத்திரம்” ஆகியவற்றில் ஏதாவது இருந்து, எழுதி வாங்கியவர் பெயரில் ஒரு நிறுவனம் இருந்தால், அந்தக் கட்டடத்தின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன. எழுதிக் கொடுத்தவர் பெயரும் உங்களிடம் வாடகை பேசுபவர் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை முடியாத சொத்தை ஒருவர் மட்டும் வாடகைக்கு விட்டால், இன்னொருவர் வந்து பூட்டுப் போடுவார்.

“உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு” என்று பதிவு இருந்தால் சொத்து வங்கியில் அடமானம். அதுவே ஆபத்து என்று சொல்ல முடியாது, பாதிச் சென்னை அடமானத்தில்தான் இருக்கிறது. ஆனால் கடன் வாராக்கடனாகி, வங்கிகள் அடமானச் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் சம்மதமின்றிப் போடும் வாடகை ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. சுவரில் வங்கி நோட்டீஸ் ஒட்டிக் கிழித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வில்லங்கம் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதியாமல் போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தம் அதில் வராது. அதற்குக் கண் வேண்டும். வளாகத்தில் நான்கைந்து அங்குல அகலத்தில் புதிதாகத் துளையிட்டு மூடிய இடம் இருந்தால் மண் பரிசோதனை முடிந்திருக்கிறது என்று பொருள். எல்லைச் சுவர் மூலைகளில் சிவப்புப் பெயிண்டில் குறி இருந்தால் சர்வேயர் வந்துபோயிருக்கிறார். ஐந்து போர்ஷன் உள்ள கட்டடத்தில் ஒரே ஒரு ஈ.பி மீட்டர் மட்டும் ஓடினால், மற்ற இணைப்புகள் ஏன் சரண்டர் ஆயின என்று கேளுங்கள். பக்கத்து டீக்கடையில் விசாரித்தால் பில்டர் பெயரே கிடைத்துவிடும்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: அடிமனை யாருடையது? பல இடங்களில் கட்டடம் தனியாருடையது, மண் கோயிலுடையது. உங்களுக்கு வாடகைக்கு விடுபவரே கோயிலுக்கு வாடகைதாரர். அவர் பாக்கி வைத்தாலோ, உள்வாடகைக்கு விட அவருக்கு அனுமதி இல்லை என்றாலோ, அறநிலையத் துறை வைக்கும் சீல் உங்கள் கேன்வாஸ்களோடு சேர்த்துத்தான். கோயில் வாடகை ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து ஒப்பந்தம். “பதினோரு மாசம் போட்டுக்கலாம், ரிஜிஸ்டர் செலவு மிச்சம்” என்பது புரோக்கர்கள் வாயிலேயே ஊறிப்போன வாக்கியம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வேறு. அதன்படி எந்தக் கால அளவுக்கும் எழுத்து மூல ஒப்பந்தம் வேண்டும், அதை 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். உரிமையாளர் சேர்ந்து வராவிட்டால் வாடகைதாரர் தனியாகவே விவரங்களைத் தாக்கல் செய்ய வழி உண்டு. இதைத் தவிர்ப்பதில் லாபம் யாருக்கு என்று யோசியுங்கள். முறையான ஒப்பந்தம் போடாததே வெளியேற்றக் கோருவதற்கு ஒரு காரணமாக அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவில் இருக்கிறது. இடித்துக் கட்டுவதும் ஒரு காரணம்தான். ஆகவே பதிவு செய்துவிட்டால் அசைக்க முடியாது என்று நினைக்க வேண்டாம். பதிவு உங்களுக்குக் கொடுப்பது அவகாசமும் பேரம் பேசும் பலமும்.

சிலர் “லீவ் அண்ட் லைசென்ஸ்” என்று தலைப்புப் போட்ட தாளை நீட்டுவார்கள், கோ-வொர்க்கிங் இடங்கள் தருவதுபோல. லைசென்ஸ் என்றால் இடத்தின்மேல் உங்களுக்கு உரிமை ஏதும் கிடையாது, பயன்படுத்த அனுமதி மட்டும். சாவி முழுக்க உங்கள் கையில், வேறு யாரும் உள்ளே வருவதில்லை என்றால் தலைப்பு எதுவானாலும் அது வாடகைதான் என்று வாதிடலாம். 1959-லேயே உச்ச நீதிமன்றம் உள்ளடக்கத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் வாதிட வழக்கு நடத்த வேண்டும். முதலிலேயே அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று வரி கட்டாயம் வேண்டும். ஒன்று, “இந்தச் சொத்தின்மேல் விற்பனை, கூட்டு மேம்பாடு, இடிப்பு தொடர்பான எந்த ஒப்பந்தமும், பதிவானதோ பதிவாகாததோ, இன்றைய தேதியில் இல்லை” என்ற உறுதிமொழி. இதை எழுதக் கை நடுங்கும் உரிமையாளரிடமிருந்து அப்போதே விலகிவிடலாம். இரண்டு, லாக்-இன், அதாவது ஒப்பந்தத்தை முறிக்கக் கூடாத காலம், இரு தரப்புக்கும் பொது என்பது. வாடகைதாரரை மட்டும் கட்டுவதாகத்தான் பல ஒப்பந்தங்கள் இருக்கின்றன. மூன்று, நீங்கள் போட்ட பணம். மேலே சொன்ன 3,60,000 ரூபாயை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 10,000. எட்டு மாதத்தில் வெளியே அனுப்பினால் மீதி 28 மாதத்துக்கு 2,80,000 உரிமையாளர் தர வேண்டும் என்று எழுத வேண்டும். எல்லா பில்லும் ஜி.எஸ்.டி-யோடு, உங்கள் பெயரில்.

அட்வான்ஸ் விஷயத்தில், வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது அந்த 2017 வாடகைச் சட்டம். பத்து மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நீங்களே அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கிறீர்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதி திரும்ப வேண்டும். பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். “பாதி ரொக்கம்” என்றால் அந்தப் பாதி உங்களுடையது இல்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தில் ஏமாறுவதுதான் அதிகம் பேசப்படாதது. வீட்டு இணைப்பில் ஸ்டுடியோவோ வகுப்போ நடத்தினால், 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் அங்கீகாரமற்ற பயன்பாடாகும். பொருந்தும் கட்டணத்தைப்போல இருமடங்கு, எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்கு. பயன்பெற்றவரிடமே வசூலிக்கலாம் என்பதால் உரிமையாளர் கைவிரித்துவிடுவார். ஈ.பி அட்டையில் எந்த டாரிஃப், அனுமதித்த லோடு எவ்வளவு கிலோவாட் என்று பாருங்கள். 9 கிலோவாட் சூளை ஒற்றை ஃபேஸில் ஏறக்குறைய 39 ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டு ஒயரிங் அதைத் தாங்காது, த்ரீ ஃபேஸ் வேண்டும். லோடு உயர்த்த நீங்கள் கட்டும் வைப்புத்தொகை உரிமையாளரின் இணைப்பு எண்ணில்தான் சேரும், காலி செய்யும்போது அதைக் கேட்டுப் பெறவும் ஒரு வரி எழுதுங்கள். சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்குத் தன் விலை போடுபவரிடம் ஈ.பி பில்லின் நகலை மாதாமாதம் கேளுங்கள்.

இடத்தின் அளவை டேப் வைத்து நீங்களே அளங்கள். “ஆயிரத்து இருநூறு” என்பதில் படிக்கட்டு, காமன் பாத்ரூம், தலை முட்டும் பரண் எல்லாம் சேர்ந்திருக்கும். மாடியில் சிற்பக்கூடம் வேண்டாம். ஒரு கன அடி கருங்கல் சுமார் 76 கிலோ. 2 × 2 × 3 அடிக் கல் 900 கிலோவைத் தாண்டும். வீட்டுத் தளங்களை வடிவமைக்கும் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோதான். தரைத்தளம் என்றால் வெள்ளம். சுவரில் மூன்று நான்கு அடி வரை மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாமிலும் தண்ணீர் எங்கே நின்றது என்று எதிர்வீட்டில் கேளுங்கள்.

இன்னொரு வகை ஏமாற்று கலைஞர்கள் பெயராலேயே நடக்கிறது. ஒருவர் பெரிய இடத்தை எடுத்து, “கலெக்டிவ்” என்று பெயர் வைத்து, மேசைக்கு இவ்வளவு என்று உள்வாடகைக்கு விடுவார். உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகை செல்லாது. அவர் வாடகை பாக்கி வைத்துப் போய்விட்டால் உங்களிடம் இருப்பது வாட்ஸ்அப் செய்தி மட்டும். மூல ஒப்பந்தத்தையும் கடைசி மூன்று மாத வாடகைப் பணப் பரிமாற்றத்தையும் காட்டாதவருக்கு அட்வான்ஸ் தராதீர்கள். அச்சு, செராமிக், சிற்பம் போன்றவற்றுக்குத் தனியாக இடம் தேடும் முன், கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையப் பட்டறைகளை விசாரியுங்கள்.

(சோழமண்டலம் கலைஞர் கிராமம் மட்டும் எப்படி நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு: 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கருடன் சேர்ந்த கலைஞர்கள் பத்திக் முதலிய கைவினைப் பொருட்களை விற்ற பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் மண்ணையே வாங்கினார்கள். ஈ.சி.ஆர் விலை ஏறியபோது அவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க யாரும் இல்லை.)

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு. நோட்டீஸ் வந்ததும் வாடகையை நிறுத்தாதீர்கள், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வதும் வேண்டாம்; வாடகை பாக்கி என்ற இரண்டாவது காரணத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும். வாங்க மறுத்தால் வங்கியில் செலுத்தி, தகவலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்தால் வாடகைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்கீழ் அன்றே வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள், மீட்டரைத் தேதியோடு படம் எடுத்து இணையுங்கள். சுவரில் நீங்கள் வரைந்ததை பில்டரின் விளம்பரத்தில் பார்த்தால், படைப்புரிமை உங்களிடமே இருக்கிறது, சுவர் மட்டும்தான் அவருடையது. தில்லி விஞ்ஞான் பவனிலிருந்து அகற்றப்பட்ட, சிற்பி அமர்நாத் சேகலின் சுவர்ச் சிற்பத்துக்கு 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் 5 லட்சம் இழப்பீடும், மீதமிருந்த படைப்பைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது பதிப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவில்தான். ஆனால் அது பல ஆண்டு வழக்கு. சுவரில் நேராக வரைவதைவிட மரைன் ப்ளைவுட் பலகையில் வரைந்து போல்ட் போட்டால் கழற்றி எடுத்துப் போகலாம்.

கழற்ற வேண்டியதைச் சாவி கையில் இருக்கும்போதே கழற்றுங்கள். சொத்து மாற்றுச் சட்டம் 108(h)-இன்படி, வாடகைதாரர் பொருத்தியவற்றை அவர் வசம் இடம் இருக்கும்வரை எடுத்துக்கொள்ளலாம், இடத்தைப் பழைய நிலையில் விட வேண்டும். சாவியைக் கொடுத்த பிறகு அந்த உரிமை இல்லை. த்ரீ ஃபேஸ் கேபிள், எம்.சி.பி பெட்டி, எக்ஸாஸ்ட், சிங்க், ட்ராக் லைட் எல்லாம் இதில் அடங்கும். கழற்றிய இடத்தைப் பூசி, அறை அறையாக வீடியோ எடுத்து, மீட்டர் ரீடிங்கையும் தேதியையும் எழுதி உரிமையாளர் கையெழுத்து வாங்கிய பிறகே சாவியை நீட்டுங்கள்.