இன்டர்போல் ரெட் நோட்டீஸ் தேடல்: பெயர் வரவில்லை என்றால் கவலை இல்லையா?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிகளும், வெளிநாட்டில் வழக்கில் சிக்கியவர்களின் குடும்பத்தாரும் முதலில் திறந்து பார்ப்பது இன்டர்போல் தளத்தின் ரெட் நோட்டீஸ் பக்கத்தைத்தான். பல நாட்டுப் போலீஸை இணைக்கும் அமைப்பு இன்டர்போல். ஒரு நாடு தேடும் ஆளைக் கண்டுபிடித்துத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும்படி, அந்த நாடு கேட்டதன் பேரில் அது மற்ற நாடுகளுக்கு அனுப்பும் கோரிக்கைதான் ரெட் நோட்டீஸ். கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் வேண்டாம். குடும்பப் பெயர், இயற்பெயர், நாடு, பாலினம், வயது, தேடும் நாடு எனச் சலித்தெடுக்கலாம். ஆள் கிடைத்தால் படம், பிறந்த தேதி, குற்றச்சாட்டு எல்லாம் வரும். அந்தக் குற்றச்சாட்டு, கேட்ட நாடு எழுதிக் கொடுத்தது. இன்டர்போல் விசாரித்துச் சொன்னதாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

தமிழ்ப் பெயர்களைத் தேடும்போதுதான் சிக்கல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். சண்முகம் என்ற பெயரை ஆங்கிலத்தில் ‘எஸ்’ மட்டும் போட்டு எழுதுபவரும் உண்டு, ‘எஸ்’, ‘எச்’ இரண்டும் போடுபவரும் உண்டு. இரண்டு கட்டங்களிலும் பெயரை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் பெயரை விட்டுவிட்டு நாட்டையும் வயது வரம்பையும் மட்டும் கொடுத்துப் படங்களைப் பார்ப்பது நல்லது.

அதன் பிறகும் ஒன்றும் வரவில்லை என்றாலும் ‘நோட்டீஸ் இல்லை’ என்று முடிவுகட்ட முடியாது. பெரும்பாலான ரெட் நோட்டீஸ்கள் போலீஸ் கண்ணுக்கு மட்டும்தான். பொதுப் பக்கத்துக்கு வருவது ஒரு பகுதியே. ஒரு நாடு தானே நேரடியாக மற்ற நாடுகளுக்கு அனுப்பும் ‘டிஃபியூஷன்’ என்ற தேடல் கோரிக்கை இங்கே தெரியாது. விமான நிலையம் போன்ற இடங்களில் ஆளை நிறுத்த இந்தியக் குடிவரவுத் துறை வைத்திருக்கும் லுக் அவுட் சர்க்குலரும் தெரியாது, அது வேறு ஏற்பாடு. இதையெல்லாம் இந்தப் பக்கம் முகப்பிலேயே பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். இந்தத் தேடல் பக்கத்துக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். 196 உறுப்பு நாடுகளிலும் இன்டர்போலுக்கென ஒரு தேசிய மையம் உண்டு. இந்தியாவில் அது டெல்லி சிபிஐ. மாநிலப் போலீஸ் கேட்பது சிபிஐ வழியாக, ஐ-24/7 என்ற பாதுகாக்கப்பட்ட வலையமைப்பில் இன்டர்போல் தலைமையகம் உள்ள பிரான்சின் லியோனுக்குப் போகும். மாநிலப் போலீஸுக்கும் சிபிஐக்கும் இடையிலான வேலையை 2025 ஜனவரியில் வந்த ‘பாரத்போல்’ தளத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். ரெட் நோட்டீஸ் கிடைக்க, வழக்கு விசாரணைக்காகத் தேடப்படுபவர் என்றால் அந்தக் குற்றத்துக்குக் குறைந்தது 2 ஆண்டு சிறை விதிக்க இடம் இருக்க வேண்டும். தண்டனை பெற்றவர் என்றால் குறைந்தது 6 மாதச் சிறைத் தண்டனை இருக்க வேண்டும். அரசியல், ராணுவ, மத, இன விவகாரங்களில் தலையிட இன்டர்போல் அமைப்பு விதியின் 3-வது பிரிவு தடை போடுகிறது.

ரெட் நோட்டீஸ் சர்வதேசக் கைது வாரண்ட் கிடையாது. அதைப் பார்த்துக் கைது செய்வதா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமே தீர்மானிக்கும். இந்த விதிகளைப் பார்த்து நோட்டீஸைச் சலிக்கும் சல்லடையில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஹக்கீம் அல் அரைபி வழக்கு காட்டியது. பஹ்ரைனிலிருந்து தப்பி ஆஸ்திரேலியாவில் அகதி உரிமை பெற்ற கால்பந்து வீரர் அவர். தப்பி வந்த நாடே கேட்டால், அகதிமேல் நோட்டீஸ் விடக் கூடாது என்பது இன்டர்போலின் சொந்தக் கொள்கை. ஆனாலும் 2018 நவம்பரில் நோட்டீஸ் வந்தது, பாங்காக்கில் பிடிபட்டார். சில நாட்களில் நோட்டீஸை ரத்து செய்தார்கள், ஆனால் அவர் வெளியே வந்தது 2019 பிப்ரவரி 11 அன்று. இதற்கு நேர்மாறாக, வங்கி மோசடி வழக்கில் இந்தியா தேடும் வைர வியாபாரி மெகுல் சோக்சி மீதான ரெட் நோட்டீஸ் நீக்கப்பட்ட பிறகும், இந்தியா நேரடியாகக் கேட்டதன் பேரில் 2025 ஏப்ரலில் பெல்ஜியத்தில் கைதானார். நோட்டீஸ் போனால் வழக்கும் போய்விடாது.

உண்மையாகவே பயன்படும் சேவை, இன்டர்போல் வைத்திருக்கும் தகவல்கள் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்க்கும் ‘இன்டர்போல் கோப்புகளைக் கட்டுப்படுத்தும் ஆணையம்’தான். அமைப்பின் போலீஸ் பணியிலிருந்து தனித்து இயங்குகிறது, கட்டணமும் இல்லை. விண்ணப்பத்தில் கையெழுத்து, அடையாள ஆவண நகல், வக்கீல் மூலம் என்றால் அதிகாரப் பத்திரம் மூன்றும் வேண்டும். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபி இந்த நான்கில் ஒரு மொழியில் எழுத வேண்டும். தமிழ்த் தீர்ப்பு நகலை அப்படியே வைத்தால் போதாது, மொழிபெயர்ப்பும் சேர்த்து வையுங்கள். ‘என்னைப் பற்றி என்ன இருக்கிறது’ என்று கேட்டால், மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து 4 மாதம் கெடு. நீக்கவோ திருத்தவோ கேட்டால் 9 மாதம்.

அனுப்பும் முன் ஒரு விஷயம். தகவலைத் தருவதற்கு முன் ஆணையம் அதைப் பதிந்த நாட்டைக் கேட்கும்; நீங்கள் கேட்டது அங்கே தெரிய வரலாம். அந்த நாடு மறுத்தால் ‘இருக்கிறது’, ‘இல்லை’ இரண்டுமே சொல்லாத பதில்கூட வரும். காத்திருந்த குடும்பங்களுக்கு இது கொடுமை. இந்த இடத்தில் விதிகள் மாறியே ஆக வேண்டும். மற்றபடி, எழுத்து மனுவை மட்டும் வைத்து நோட்டீஸை நீக்கவைக்கும் அதிகாரம் உள்ள இடம் இது என்பதால் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.

மனு பலவீனமாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ‘நான் குற்றமே செய்யவில்லை’ என்று பக்கம் பக்கமாக எழுதுவது. ஆணையம் நீதிமன்றம் அல்ல, குற்றம் நடந்ததா என்று ஆராயாது. அகதி உரிமைச் சான்று, விடுதலைத் தீர்ப்பு, ரத்தான வாரண்ட், நாடு கடத்த மறுத்த நீதிமன்ற உத்தரவு போன்றவற்றை முன்னே வையுங்கள். நீக்கிவிட்டதாகக் கடிதம் வந்ததும் நகலைப் பயணப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சில நாடுகள் பழைய பதிவைத் தங்கள் சொந்தக் கணினியில் அழிக்காமல் விட்டிருக்கும். மனு தள்ளுபடியாகி, பிறகு புதிய ஆதாரம் கிடைத்தால், அது கிடைத்த 6 மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும்.