ஹான்சல், கிரெட்டல், ஒரு பூட்டு: டாவின்சி ரிசால்வில் மூன்று பேர் 14 மாதம்

11 நிமிட வீடியோ. முடிக்க 14 மாதம் ஆனது. பெற்றோர் காட்டில் விட்டுவிடும் அண்ணன் தங்கையைப் பற்றிய, கிரிம் சகோதரர்களின் ஹான்சல், கிரெட்டல் கதையைக் காகித நிழலுருவம், களிமண் பொம்மை, வாட்டர்கலர் பின்னணி, செல்பேசியில் எடுத்த நிஜக் கைகள் எல்லாவற்றையும் கலந்து சொல்லிப் பார்த்தோம். கோவையில் இருக்கும் என் பெரியம்மா மகள், அக்கா, பொம்மைகளையும், அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் படமாக எடுக்கும் ஸ்டாப் மோஷனையும் எடுத்துக்கொண்டார். டொராண்டோவில் இருக்கும் கல்லூரி நண்பனுக்குக் குரலும் ஒலியும். சென்னையில் எனக்கு எடிட்டிங். பேச்சுக்குத்தான் இந்தப் பிரிவினை. க்ளிப்புகளை வரிசையாக அடுக்கி வெட்டும் டைம்லைனில் மூன்று பேருமே கை வைத்தோம்.

எடிட்டிங் மென்பொருள் டாவின்சி ரிசால்வ். ஸ்டுடியோ பதிப்புக்கு ஒரே தடவை 295 டாலர். அதன் பிறகு வந்த புதுப் பதிப்புகளுக்கு எங்களிடம் பணம் கேட்டதில்லை. ப்ராஜெக்டை, ரிசால்வைத் தயாரிக்கும் நிறுவனத்தின் இணையச் சேவையான பிளாக்மேஜிக் கிளவுடில் வைத்தோம். நாங்கள் சேர்ந்தபோது ப்ராஜெக்டுகளை வைக்கும் ஒரு லைப்ரரிக்கு மாதம் 5 டாலர், அதை நண்பன் கட்டினான். ஒருவர் ஒரு பின்னுக்குள் (bin, க்ளிப்புகளையும் டைம்லைன்களையும் போட்டு வைக்கும் ஃபோல்டர்) வேலை செய்யும்போது அது அவர் பெயரில் பூட்டிக்கொள்ளும். மற்றவர்கள் எட்டிப் பார்க்கலாம், தொட முடியாது.

இந்தப் பூட்டு அருமையான ஏற்பாடு. நான் வெட்டியதை நீ அழித்துவிட்டாய் என்ற சண்டை ஒரு தடவைகூட வரவில்லை. வந்த சண்டை வேறு. தொடக்கத்தில் எல்லா டைம்லைனையும் ஒரே பின்னில் போட்டு வைத்திருந்தோம். நண்பனுக்கோ ப்ராஜெக்டைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் படுக்கும் பழக்கம். கோடையில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். நான் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு குறட்டை விடுகிறவனை என்ன செய்வது? பிறகு காட்சிக்கு ஒரு பின் என்று ஒன்பதாகப் பிரித்தோம். ஒன்று பூட்டிக் கிடந்தாலும் மற்ற எட்டில் வேலை ஓடியது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஸ்டாப் மோஷன் விஷயம்தான் எங்களை நிஜமாகவே படுத்தியது. டைம்லைன் விநாடிக்கு 24 ஃப்ரேம். அக்கா எடுத்தது விநாடிக்கு 12 படம். படவரிசையை அப்படியே உள்ளே இழுத்தால் கிரெட்டல் பழைய ஊமைப்படம் மாதிரி ஓடுவாள். க்ளிப்பின் அமைப்புகள் இருக்கும் க்ளிப் ஆட்ரிபியூட்ஸில் 12 என்று மாற்றினால் சரியாகிவிடும். அது சின்ன விஷயம்.

பெரிய விஷயம் இது. எங்கள் ஏற்பாட்டில் கிளவுடில் இருந்தது ப்ராஜெக்ட், அதாவது எதை எங்கே வெட்டி ஒட்டினோம் என்ற கணக்கு, மட்டும். படங்களும் ஒலியும் அவரவர் ஹார்ட் டிஸ்க்கில் தனித்தனி நகலாக இருந்தன. ரொட்டிக் காட்சிக்கு அக்கா எடுத்த 312 படங்களில் 147, 148 இரண்டிலும் அவருடைய கட்டைவிரல் விழுந்திருந்தது. அழித்துவிட்டார். எண்ணில் இடைவெளி விழுந்ததும் ரிசால்வ் அதை இரண்டு க்ளிப்பாகக் காட்டியது. அக்கா ஒழுங்குக்காரர், மொத்தத்துக்கும் புதிதாக எண் போட்டார். 149 இப்போது 147. அவர் திரையில் எல்லாம் சுத்தம். என் கணினியில் பழைய நகல். பெயர் ஒன்று, படம் வேறு. எந்தப் பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் கேட்ட பெயரில் கோப்பு இருக்கிறது. இரண்டு படம் என்றால் ஆறில் ஒரு விநாடி. ரொட்டியைப் பிய்க்கும் சத்தம் எனக்குச் சற்று முன்னால் வரும், அக்காவுக்குச் சரியாக வரும். மூன்று வாரம் நண்பனின் ஒலியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பாவம், அவன் நான்கு தடவை திருத்தி அனுப்பினான்.

இப்போது யாரும் எதையும் அழிப்பதில்லை. கெட்டுப்போன படத்தின் இடத்தில், அதே எண்ணில், முந்தைய படத்தின் நகலை வைக்கிறோம். படம் மாறினால் ஃபோல்டருக்கே புதுப் பெயர்.

நிழலுருவங்கள் இதற்கு நேர் எதிர், அத்தனை சுலபம். வெள்ளைத் தாளில் கறுப்புக் காகிதத்தை நகர்த்தி எடுத்து, ஒரு படத்தை இன்னொன்றின் மேல் கலக்கும் காம்போசிட் மோடில் மல்டிப்ளை கொடுத்தால் வெள்ளை மறைந்து கறுப்பு மட்டும் வாட்டர்கலர் காட்டின் மேல் நிற்கும். செல்பேசி வீடியோவை மட்டும் முதலில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். செல்பேசி அந்த வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் பதிவு செய்யும். நீளமான ஷாட்டில் ஒலி நழுவும்.

கிரிம் கதையில் சூனியக்காரியின் வீடு ரொட்டியால் கட்டியது, கூரை கேக், ஜன்னல் சர்க்கரை. சர்க்கரை ஜன்னலை நான் சென்னையில் காய்ச்சி ஊற்றினேன். ஈரக்காற்றில் அரை மணி நேரத்தில் வியர்த்து ஒழுகியது. கோவையிலிருந்து மஞ்சள் கண்ணாடிக் காகிதம் வந்தது. ரொட்டிச் சுவரில் ஏறிய எறும்புகளை மட்டும் விட்டுவைத்தோம். வீடியோவில் இப்போதும் ஊர்கின்றன.

கதையிலும் தகராறு உண்டு. பிள்ளைகளைக் காட்டில் விடச் சொல்வது 1812 பதிப்பில் பெற்ற தாய். பிந்தைய பதிப்புகளில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். நண்பன் 'சித்தி' என்று பேசிப் பதிவு செய்துவிட்டான். அக்காவை வளர்த்தது எங்கள் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை. "நம்ம சித்தி இதைக் கேட்டா என்ன நினைப்பாங்க?" என்றார். 'மாற்றாந்தாய்' குழந்தைகளுக்குப் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். கடைசியில் 1812-க்கே போய் 'அம்மா' என்று வைத்தோம். நான்கு இடத்தில் குரலை மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நிழலுக்கு உதடு கிடையாதே!

பிள்ளைகள் வெள்ளை வாத்தின் மேல் ஆற்றைக் கடக்கும் காட்சியில் தகராறு இத்தனை சுலபமாகத் தீரவில்லை. 40 விநாடி. அழகான களிமண் வாத்து, ஆனால் கதை முடிந்த பிறகும் நீந்திக்கொண்டிருந்தது. நான் எடுப்பேன், மறுநாள் அக்கா திரும்ப வைத்திருப்பார். இப்படி ஆறு தடவை. எந்த வெட்டு இறுதி என்று முடிவு செய்ய ரிசால்வில் பொத்தான் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் இரண்டுக்கு ஒன்று என்று எடுத்துவிட்டோம்.

மூன்று நான்கு பேர் தூரத்தில் இருந்து செய்யும் வேலைக்கு ரிசால்வைத் தயங்காமல் சொல்வேன். இணையம் அடிக்கடி போகும் இடமென்றால் யோசியுங்கள். ப்ராஜெக்ட் கிளவுடில்தான் இருக்கும். படக்கோப்புகளை யார் ஒழுங்காக வைப்பது என்பதையும் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

வாத்துக் காட்சி 'வேண்டாம்' என்ற பின்னில் இருக்கிறது. சில இரவுகளில் அதன்மேல் பூட்டுச் சின்னம் தெரியும், அக்கா பெயரில்.