அம்ப்ளிபையருக்கு மேல் கம்ப்யூட்டர் பேன்: மூன்று மாதப் பாவனை

வறண்ட கச்சான் காற்று தொடங்கினால் மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் முன்னறை பகல் இரண்டு மணிக்கு அடுப்படி மாதிரித்தான். அந்த நேரம் பாட்டுப் போட்டால் இருபது நிமிடத்துக்குள் அம்ப்ளிபையருக்குள்ளே 'டக்' என்று ரிலே (சூடு கூடினால் பாட்டைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) விழும், சிவப்பு லைட் மினுங்கும், பாட்டு நின்றுவிடும். மேல்மூடியில் விரலை வைத்து மூன்று எண்ண முடியாது. திருத்துகிற இடத்தில் காட்டினால் பவர் ட்ரான்சிஸ்டர் எல்லாம் மாற்ற வேண்டும் என்றார்கள். மனம் கேட்கவில்லை, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் டவுனில் 120 மில்லிமீற்றர் கேஸிங் பேன் இரண்டு வாங்கினேன், ஒன்று 1200 ரூபா. 12 வோல்ட் பேன்தான், ஆனால் பழைய ரவுட்டரின் 9 வோல்ட் அடாப்டரில் கொடுத்திருக்கிறேன், இரவில் மெல்லிய பாட்டுக் கேட்கும்போதும் இரைச்சல் தெரியவில்லை. முதலில் கீழ்நோக்கி ஊதும்படி வைத்தேன். சூடு குறைந்தது, ஆனால் ஒரு கிழமையிலேயே சூட்டை வெளியே விடுகிற ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையில் தூசியும் பொடி மணலும். ஸ்டிக்கர் ஒட்டிய பக்கமாகத்தான் காற்று வெளியே வரும், அந்தப் பக்கத்தை மேலே திருப்பி வைத்த பிறகு சூடு தானாகவே மேலே இழுபட்டுப் போகிறது. இப்போது மூடி தேநீர்க் கோப்பை அளவு சூடுதான், மூன்று மாதத்தில் ரிலே ஒருதரமும் விழவில்லை.

முழுப் புகழையும் பேனுக்குக் கொடுக்க மாட்டேன். மேலே இருந்த டிவிடி பிளேயரையும் அம்மா விரித்திருந்த பின்னல் துணியையும் எடுத்துவிட்டேன், அதுவே பாதி வேலை. வீடுகளில் வழக்கமான ஏபி வகை அம்ப்ளிபையர் இழுக்கும் கரண்டில் ஸ்பீக்கருக்குப் போகும் பங்கு காகிதக் கணக்கில்கூட 78.5 வீதத்தைத் தாண்டாது, வீட்டில் கேட்கிற சத்தத்தில் இழுக்கும் கரண்டில் பெரும்பங்கு சூடாகத்தான் போகும், அதற்கு வழியை அடைத்துவிட்டு ட்ரான்சிஸ்டரைக் குறை சொல்லி என்ன செய்வது?

குறை ஒன்று உண்டு. இரண்டாம் மாதமே ஒரு பேன் உறுமத் தொடங்கிவிட்டது. ஸ்டிக்கரை உரித்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன், சரியாகிவிட்டது. பிளக்கைக் கழற்றிவிட்டு மாதம் ஒருதரம் பிரஷ்ஷால் இதழ்களைத் துடைக்கிறேன்.

களுவாஞ்சிக்குடியில் மச்சானும் இதையே வாங்கக் கேட்டான். அவனோ எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டு சோடியை ஒன்றாகக் கொழுவி, எட்டு ஓமுக்குச் செய்த செட்டில் நாலு ஓம் சுமையை ஏற்றி வைத்திருக்கிறான், ஓம் குறைந்தால் செட் கரண்டைக் கூட இழுத்துச் சூடாகும். பேன் இப்போது வேண்டாம், முதலில் ஒரு சோடியைக் கழற்று மச்சான் என்று சொல்லியிருக்கிறேன்.