ஃபெஞ்சல் ராத்திரியில் எரிந்த சார்ஜ் லைட்

இந்த சார்ஜ் லைட், கடலுக்கு ரொம்ப தள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிற எங்கள் ஊத்தங்கரையில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் 650 ரூபாய்க்கு வாங்கியது. "நாம என்ன கடலூர்லயா இருக்கோம், நமக்கெதுக்கு இது" என்று வீட்டில் திட்டு விழுந்தது.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிற சித்திதான் போன் பண்ணி, படகையெல்லாம் மேட்டில் ஏற்றிக் கட்டியாச்சு, குடத்தில் தண்ணி பிடிச்சாச்சு, நீயும் லைட்டுக்கு சார்ஜ் போட்டு வை என்றார். அவர்களுக்கு இதெல்லாம் பழகின வேலை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையேறிய ஃபெஞ்சல் புயல் அங்கேயே பல மணி நேரம் நகராமல் நின்று, அப்புறம் வலுவிழந்து உள்ளே வந்து எங்கள் தலையில் கொட்டியது: டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், பக்கத்து அரூரில் 33. ஏரித் தண்ணீர் ரோட்டுக்கு வந்து, நிறுத்தியிருந்த வேன்களையே உருட்டிக்கொண்டு போனது.

சரி, லைட்டுக்கு வருவோம். ஜன்னல் கம்பியில் மாட்டி, குறைந்த வெளிச்சத்தில் வைத்ததில் விடியும் வரை எரிந்தது, அந்த வெளிச்சத்தில்தான் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினோம். முழு வெளிச்சத்தில் நாலு மணி நேரம்கூடத் தாங்காது. சார்ஜர் பின் லூஸ், அடியில் தீப்பெட்டி முட்டுக் கொடுத்தால்தான் சிவப்பு லைட் எரிகிறது; கடையில் கேட்டால் "அது அப்படித்தாங்க இருக்கும்" என்கிறார்கள். வாங்குகிறவர்கள் அங்கேயே சொருகிப் பார்த்து வாங்குங்கள்.

சித்தி வீட்டில் ஒரு ஓடுகூட நகரவில்லையாம்.